பத்து நாளில் வளர்ந்துவிட வேண்டாம், கொஞ்சம் தங்கிப் போங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான மிஷனரிக் குழு ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

டர்பனிலிருந்து ஸ்தோத்திரம். திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி, சென்னை என்று பல இடங்களிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஊழியக் குழுக்களை அனுப்புகிற சபைகளின் பொறுப்பாளர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்தச் சபையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. படிக்கும்போது இது நம்மைப் பற்றித்தான் என்று தோன்றினால் தோன்றட்டும்.

நான் நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவரின் வேலையை ஒட்டி டர்பனுக்கு வந்தோம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில், வெஸ்ட்கிளிஃப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் சபை சின்னது. ஆராதனை ஆங்கிலத்தில், நடுவில் ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டு. உங்கள் குழுக்கள் வரும்போது யார் வீட்டில் யார் தங்குவது, யார் சமைப்பது, விமான நிலையத்துக்கு யார் வண்டி எடுப்பது என்று பார்க்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஊரும் தெரியும், ஊர்ப் பேச்சும் தெரியும் என்பதால் கொடுத்த பொறுப்பு.

இந்த வருடத்துப் போஸ்டர் வாட்ஸப்பில் வந்துவிட்டது. மேலே மேசை மலையின் படம், கீழே ஒரு சிங்கம். மேசை மலை கேப் டவுனில் இருக்கிறது. டர்பனிலிருந்து சாலை வழியாகப் போனால் 1,600 கிலோமீட்டருக்கு மேல். போகட்டும். படத்துக்கும் சிங்கத்துக்கும் நடுவில் எழுதியிருந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது: பத்து நாள் ஊழியப் பயணம், உங்கள் ஆவிக்குரிய வாழ்வில் ஒரு புதிய உயரம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்காகப் பிறநாடு போகிறவர் வளர்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. என் அத்தை ஒருவர் இளவயதிலேயே இந்திய மிஷனரி சங்கத்தின் மூலம் தெலுங்கு நாட்டுக்குப் போனவர். ஊரில் இருந்தவரை அடுத்தவரைப் பேசவிடாமல் பேசுகிறவர் என்று பாட்டி சொல்வார்கள். கிராமங்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பியபோது, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகியிருந்தார். சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்கு அது அற்புதம்.

என் சங்கடம் வேறு. அந்த வளர்ச்சியை விமானச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கிற இலவசப் பொருள் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். அது யாருடைய வீட்டில், யாருடைய அரிசியில், யாருடைய துக்கத்தின் மேல் நடக்கிறது என்று உங்கள் குழுக்களில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பத்து நாள் எப்படிப் போகிறது என்பது உங்களுக்கு வருகிற அறிக்கையில் இருக்காது. துபாய் வழியாக வந்து இறங்கிய களைப்பு தீர ஒரு நாள். ஞாயிறு ஆராதனையில் உங்கள் தலைவரின் பிரசங்கம். எங்கள் பாஸ்டர் அன்றைக்கென்று தயாரித்த குறிப்பை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிடுவார். திங்கள் முதல் வீடு சந்திப்பு. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், ஒரு போட்டோ. நடுவில் ஹ்லுஹ்லுவே சரணாலயத்துக்கு ஒரு பயணம் (காண்டாமிருகத்தையும் கர்த்தர்தான் படைத்தார், அதில் எனக்கு வருத்தம் இல்லை). கடைசி நாள் சாட்சிக் கூட்டம், அழுகை, விமானம். அப்புறம் எங்கள் பெண்கள் போர்வைகளைத் துவைப்பார்கள்.

கொஞ்ச நாளில் ஊரிலிருந்து வீடியோ வரும். போன தடவை வந்ததில் எங்கள் சபைப் பாட்டி ஒருவர் கண்ணீர் விடுகிற காட்சி இருந்தது. பின்னணியில் இசை, கீழே ‘ஆப்பிரிக்காவில் ஆத்தும அறுவடை’ என்று எழுத்து. பாட்டி அழுதது அப்போதுதான் இறந்துபோன தன் அக்காவை நினைத்து. அன்றைக்குப் பாடின பாட்டு அடக்க ஆராதனையில் பாடினது. படம் எடுத்த தம்பி எதற்கு அழுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அறுவடை என்கிறீர்களே, விதைத்தது யார்? 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர். அந்தக் கப்பலில் வந்தவர்களிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கூலிக்காரர்களின் மூட்டை முடிச்சோடுதான் இந்தியக் கிறிஸ்தவம் இந்தக் கரையில் இறங்கியது. ஏற்கெனவே இங்கே இருந்த சபோன் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருவானவர் இவர்களுக்காகவே தமிழ் படித்தார். 1903-இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா வந்தார். தெலுங்கு பாப்திஸ்து சபையார் தங்கள் காணிக்கையில் அனுப்பியவர். மனைவி மக்களோடு வந்து, அந்த வருடக் கடைசியிலேயே கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் ஒரு சபையை நிறுவி, 1915-இல் இறக்கும்வரை, டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பகுதியிலேயே ஊழியம் செய்தார். நம் இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலியில் தொடங்கியதும் அதே 1903-இல்தான். நாம் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பத் திட்டம் போட்டபோது தெலுங்குக்காரர்கள் ஆப்பிரிக்காவுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள்!

அப்புறம் ரோலண்ட்ஸ். இங்கிலாந்துக் குடும்பத்துப் பிள்ளை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இந்தியர்கள் நடுவே ஊழியத்தில் இறங்கும்போது வாலிபர். 1931-இல் பெத்தேஸ்தா சபை உருவானது. 1980-இல் கண்மூடும்வரை அவர் அதை விட்டுப் போகவில்லை. இன்று சாட்ஸ்வர்த்தில் இத்தனை பெந்தெகொஸ்தே சபைகள் இருப்பதற்கு அவரும் ஒரு பெரிய காரணம். அவர் வளர்ந்தாரா என்று யாரும் கணக்கு எழுதவில்லை. இருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் சபையின் வயதானவர்கள் பலர் டர்பனின் பழைய இந்தியர் குடியிருப்புகளான கேட்டோ மேனரிலும் மகசின் பராக்ஸிலும் பிறந்தவர்கள். 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் பிடுங்கி எடுத்து இங்கே கொண்டுவந்து போடப்பட்டவர்கள். ஆராதித்த இடத்தைப் பறிகொடுத்து, கார் கொட்டகையில் விரிப்பு விரித்து ஜெபத்தைத் திரும்ப ஆரம்பித்தவர்கள். இவர்கள் முன்னால் நின்று, விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி என்று கல்லூரி முடித்த கையோடு வந்த தம்பி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். எங்கள் ஆட்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஆமென் கூடச் சொன்னார்கள். அவர்கள் அப்படித்தான்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டைப் பற்றி நம் ஓய்வுநாள் பள்ளிகளில் பெருமையாகச் சொல்லித் தருவார்கள். வெள்ளாளன்விளைக்காரர் வி. எஸ். அசரியா எழுந்து நின்று வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்றைக்குக் கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். இப்போது பாஸ்போர்ட்டும் காணிக்கையும் கேமராவும் நம் கையில். எங்கள் பாட்டிமார்களில் ஒருவர் எழுந்து நின்று அதையே உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கேட்க மாட்டார், அது வேறு விஷயம்.

சரி, நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துத் தம்பி ஒருவர் குழுவோடு வந்தார். என்ஜினியர். வேலை மாறுகிற இடைவெளியில் வந்ததால் குழு திரும்பிப் போனபின்னும் தங்கிக்கொள்கிறேன் என்றார். எங்கள் பாஸ்டர் அவருக்கு மேடை கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சமையலறைக்கு அனுப்பினார். சபைக்குப் பணம் சேர்க்க எங்கள் பெண்கள் சமூசா செய்து சனிக்கிழமை விற்பார்கள். நீள மாவுப் பட்டையை எடுத்து, முனையை மடக்கிக் கூம்பாக்கி, உள்ளே கைமாவை வைத்து, மறுபடி மறுபடி மடித்து, கடைசி ஓரத்தில் மைதாப் பசையைத் தடவி ஒட்ட வேண்டும். மூன்று முனையிலும் ஓட்டை இருக்கக் கூடாது. இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். தம்பி மடித்த முதல் தட்டு முழுவதையும் ஆன்ட்டிமார்கள் பிரித்துத் திரும்ப மடித்தார்கள், சிரித்துக்கொண்டே.

மூன்றாவதோ நான்காவதோ வெள்ளிக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி, கையை நிறுத்தாமல், தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இங்கே ‘சுகர்ஸ்’ என்று ஒரு போதைத்தூள் இருக்கிறது. ஹெராயின் கலந்தது. சாட்ஸ்வர்த்தில் அது அழித்த குடும்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. மகன் முதலில் அம்மாவின் வளையலை எடுத்தான். பிறகு குளியலறைக் குழாய்களைக் கழற்றி விற்றான். ஒருநாள் சுவருக்குள் ஓடுகிற செம்புக் குழாயையே பெயர்த்துவிட்டான். ஆன்ட்டி வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்கத் தண்ணீர். அவனை வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டினார். அவன் வெளியே நின்று அம்மா, அம்மா என்று கூப்பிட்டதைச் சொன்னபோதும் அவர் கை மடித்துக்கொண்டேதான் இருந்தது. தம்பி ஒரு வசனமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த பட்டையை எடுத்து ஆன்ட்டியின் பக்கம் தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு அவருடைய ஜெபம் சுருங்கிப் போனது. அலங்காரமெல்லாம் உதிர்ந்து, இரண்டு மூன்று வாக்கியம், அதில் ஆட்களின் பெயர்கள். ஊருக்குப் போனபின் அவர் எனக்கு அனுப்பிய செய்தியில் ஆப்பிரிக்காவும் இல்லை, அறுவடையும் இல்லை. ஆன்ட்டியின் மகன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டிருந்தார். இன்னமும் மாதா மாதம் கேட்கிறார். நீங்கள் போஸ்டரில் போடுகிற வளர்ச்சி இதுதான் என்றால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இது முதல் பத்து நாளில் வரவில்லை. அந்தப் பத்து நாளில் அவரும் வீட்டுக்கு ஒரு போட்டோ எடுத்தவர்தான்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. இங்கே தமிழர்களின் குடும்பப் பெயர்கள் பிள்ளை, கவுண்டர், முதலியார், படையாச்சி என்று இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதி எழுதி உச்சரிப்பு மாறிப்போய், கவுண்டர் கவெண்டர் ஆகிவிட்டார், முதலியார் மூட்லி ஆகிவிட்டார். கப்பலில் வந்தபோது எழுத்தர் எழுதிக்கொண்டது, பலருக்கு அது வெறும் பெயர். உங்கள் ஆட்கள் வந்த அன்றைக்கே, அறிமுகம் முடிவதற்குள், “நீங்க எந்தப் பிள்ளை? திருநெல்வேலிப் பக்கமா?” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கள் மூப்பரின் மனைவிக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது எதற்கான கேள்வி என்று உங்களுக்கும் தெரியும். சபைத் தேர்தலில் ஊரில் கேட்கிற அதே கேள்வியைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டாம். விமானத்தில் ஏறுமுன் இதை ஒரு கட்டளையாகவே சொல்லி அனுப்புங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை விஷயமும் உண்டு. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடப்பது பெரிய வெள்ளியன்று. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் ஈஸ்டர் வாரத்தில்தான் பெரிய கூட்டம். காரணம் எளிது. தோட்டத்துக் கூலிகளுக்கு அப்போதுதான் விடுமுறை கிடைத்தது. அன்றைக்குக் கோயில் வாசலில் கைப்பிரதி கொடுக்க வேண்டும் என்று ஒரு குழு பிடிவாதம் பிடித்தது. நாங்கள் முடியாது என்றோம். பயம் என்று நினைத்தார்கள். அந்த வாசலில் வரிசையில் நிற்பவர்கள் எங்கள் அண்ணன்கள், சித்திகள், மாமாக்கள். என் பக்கத்து வீட்டில் தமக்கை மஞ்சள் சேலையோடு தீமிதிக்கப் போகிறார், தங்கை வெள்ளைச் சேலையோடு சபைக்குப் போகிறார், சாயங்காலம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். தங்கை தன் அக்காவுக்காக ஜெபிப்பது எத்தனை வருடமோ. அதற்கிடையில் ஊர்பேர் தெரியாத ஒருவர் வந்து ஒரு காகிதத்தை நீட்டி, இருவருக்கும் நடுவில் ஒரு கசப்பை வைத்துவிட்டு, மறுநாள் விமானம் ஏறிவிடுவார்.

தெருவைக் கடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு வருகிறவர்கள் தமிழர் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாட்ஸ்வர்த்துக்குள்ளேயே பாட்டில்பிரஷ் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். சனிக்கிழமை காலையில் அங்குள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் பாடம் சொல்லித் தருகிறோம். அங்கே போகும் வழியில், உங்கள் குழுவில் ஒரு சகோதரி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “இவங்களையெல்லாம் நம்பலாமாக்கா?” என்று என்னிடம் கேட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் சபை மூப்பர், ஜூலுக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண்ணாடி ஏறுகிற சத்தம் தெரியும்.

இங்கே அந்தச் சத்தத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனுக்கு வடக்கே, இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். அதற்குப் பிறகு ஒரே சபையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதற்கே இரு பக்கத்தாரும் பாடுபட வேண்டியிருந்தது. நாங்கள் ஆவிக்குரிய வாழ்வில் வளர்ந்தோம் என்றால் அந்த மாதங்களில்தான். அதைப் பிரசங்கத்தில் சொல்ல எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. கேட்டால் சொல்வார்கள், அதுவும் இரண்டாவது தேநீருக்குப் பிறகு.

ஆகவே எங்கள் சபை மூப்பர்கள் கூடிப் பேசி, என்னை எழுதச் சொன்னது இது. இருபது பேர் கொண்ட குழுவை இனி நாங்கள் ஏற்க இயலாது. இரண்டு பேரை அனுப்புங்கள், ஆனால் ஒரு பள்ளிப் பருவம் முழுவதும், அதாவது பத்துப் பதினோரு வாரம், தங்குகிற மாதிரி அனுப்புங்கள். முதல் மாதம் பிரசங்கம் கிடையாது. எங்கள் பாஸ்டர் சொல்கிற வேலை: சமையலறை, சனிக்கிழமை வகுப்பு, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவது. வீடுகளுக்குள் படம் எடுக்கக் கூடாது. தப்பும் தவறுமாக ஜூலு பேசத் தயங்காதவர்களாக இருந்தால் நல்லது. பாட்டில்பிரஷ் பிள்ளைகள் திருத்திச் சொல்லித் தருவார்கள், கொஞ்சம் கேலியும் செய்வார்கள். விசா விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். வருகிற காரியத்தை உள்ளபடி எழுதி, அதற்குரிய விசாவை வாங்கி வரட்டும். ஊழியத்துக்கு வருகிறவர் குடியேற்ற அதிகாரியிடம் சரணாலயம் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நுழைவது நன்றாக இல்லை.

பதினெட்டுப் பேரின் பயணச் செலவு மிச்சமாகும். அதை எங்களுக்கு அனுப்பச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேரை உங்கள் சேகரத்துக்கு அழையுங்கள். சமூசா மடித்துக்கொண்டு பேசின அந்த ஆன்ட்டி, போதையில் விழுந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்காக வாரா வாரம் ஒரு கூடுகை நடத்துகிறார். பிள்ளைக்குக் கதவைப் பூட்டுவது எப்போது, திறப்பது எப்போது, பூட்டிய ராத்திரி எப்படித் தூங்குவது என்றெல்லாம் அந்தத் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நாசரேத்திலும் சாத்தான்குளத்திலும் சாராயத்தாலும் கஞ்சாவாலும் தூக்கம் கெட்ட தாய்மார்கள் இல்லையா? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவருக்கு ஒரு மாதம் கொடுங்கள். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும், யாராவது கூட இருந்து சொன்னால் போதும். காரம் சாப்பிடுவார், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் டர்பன் மசாலாவுக்கு உங்கள் குழம்பு ஒன்றும் பெரிதில்லை.

எங்கள் பள்ளிகளின் மூன்றாம் பருவம் ஜூலையில் தொடங்கும். வருகிற இரண்டு பேரின் பெயரையும், அவர்களை நன்றாக அறிந்த ஒருவரின் கடிதத்தையும் மே மாதக் கடைசிக்குள் எங்கள் பாஸ்டருக்கு அனுப்பிவிடுங்கள். ஆன்ட்டியின் பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது. அழைப்புக் கடிதம் உங்களிடமிருந்து வந்ததும் இந்திய விசாவுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் சகோதரி,
வெஸ்ட்கிளிஃப், சாட்ஸ்வர்த், டர்பன்